பம்பாய் புலிக்கு யாரும் இல்லை

15.3.92, ஞாயிறு

இன்னிக்கு குஸ்தி மேடையில என் தம்பிக்குத் தோள்பட்டை நெஜமாவே நழுவிடுச்சு. எப்படி விழணும்னு போட்டி நடத்தற என் வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தது வேற, அவன் விழுந்தது வேற. டிக்கெட் கிழிச்சிட்டிருந்த எனக்கு அவன் மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஜனங்க நடிப்புன்னு நெனச்சு விசிலடிச்சாங்க.

போஸ்டர்ல அவன் பேரு பம்பாய் புலி. தமிழே தெரியாத முரடன். போட்டி நடத்தறவரோட மச்சான்தான் வாராவாரம் ஒதை வாங்கறான்னு தெரிஞ்சா அப்புறம் யாரு வருவாங்க?

ஆஸ்பத்திரிக்கும் ஜனங்க பின்னாலயே வந்துட்டாங்க. ஜன்னல் பூரா தலை. டாக்டர் எங்க வலிக்குதுன்னு கேக்கறாரு. இவன் உதட்டக் கடிச்சுக்கிட்டு என்னையே பாக்கறான். "சொந்தக்காரங்க யாராவது வந்திருக்காங்களா?"ன்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வீட்டுக்காரர் முந்திக்கிட்டாரு. "எல்லாரும் பம்பாய்ல இருக்காங்க சார்." என் கையப் புடிச்சு ஒரு அழுத்து வேற. நானும் ஆமான்னு தலையாட்டினேன், பாவி.

வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்ததும், "தோள் சரியாகட்டும், புலி பழிவாங்க வருதுன்னு போஸ்டர் அடிச்சிடலாம்"ங்கறாரு. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. ஆனா சோத்தப் போட்டேன். இப்ப கொறட்டை விடறாரு.

தம்பி வார்டுல தனியா கெடக்கான். சுத்திலும் ஊர்க்காரங்க. இந்தியில அவனுக்குத் தெரிஞ்சது மேடையில திட்டற ரெண்டு வார்த்தைதான். ராத்திரி தாகம் எடுத்தா என்னன்னு தண்ணி கேப்பான்?