கடைசி விலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஐந்தாம் நம்பர் தையல் மிஷின் மட்டும் சௌக்கியமில்லை. இரண்டு நாளாக நூலை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

உன் பதினான்கு கேள்விகளும் கிடைத்தன. போனிலேயே கேட்கக் கூடாதா என்றால், எழுத்தில் இருந்தால்தான் புராஜெக்டோடு சேர்க்க முடியும் என்கிறாய். பன்னாட்டு வணிகம் படிக்கக் கடல் தாண்டிப் போனவன் கடைசியில் அக்காவைத்தான் பேட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. பேரம் பேசுவதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது, அதில் உன்னை வாங்குகிறவர் பக்கம் உட்காரவைத்துவிட்டார்கள் என்று சித்தியிடம் சொன்னேன். காய்கறி வாங்க அனுப்பினால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளையா என்று ஒரே சிரிப்பு அவளுக்கு.

பட்டறையில் இருபத்திரண்டு பேர். தோல் வெட்ட மூன்று, கையுறை தைக்கப் பதினெட்டு, கடைசியில் சரிபார்க்கச் சித்தி ஒருத்தி. என்னைக் கணக்கில் சேர்க்காதே, நான் எல்லா வேலைக்கும் ஆள்.

அவசியமில்லாமல் நேரம் பிடிக்கிற வேலை எது என்று கேட்டிருக்கிறாய். உண்மையைச் சொன்னால், அது சித்தியின் வேலைதான். ஒவ்வொரு கையுறையிலும் தன் கையை விட்டு, விரல் விரலாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்கு அனுப்புவாள். தோலில் கீறல் விழக் கூடாதென்று நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். வாங்குகிற கம்பெனி இப்படிச் செய்யச் சொன்னதே இல்லை. நான் கேட்டால், உள்ளே ஒரு முடிச்சு இருந்தாலும் போட்டுக்கொள்கிறவளை அது நாள் முழுக்கக் கடிக்கும் என்பாள். இதை எழுதிக்கொள், உன் பேராசிரியர் ரசிப்பார்.

கடைசி விலை என்ன என்கிற பதினான்காவது கேள்விக்குத்தான் பேனா கொஞ்சம் நின்றது. இப்போது ஜோடிக்குப் பன்னிரண்டு டாலர் தருகிறார்கள். ஒன்பதரை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவோம். அதற்குக் கீழே போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். வேறு கம்பெனி எதுவும் கைவசம் இல்லை. இதைச் சித்தியிடம்கூட நான் சொன்னதில்லை. வகுப்புக்கு மட்டும்தான் என்கிறாய், நம் பட்டறை என்று மட்டும் போட்டுவிடாதே.

இன்னொரு நல்ல சேதி. நம்மிடம் வாங்குகிற கம்பெனியின் அலுவலகம் நீ படிக்கிற ஊரில்தானே இருக்கிறது? அங்கே கொள்முதல் அதிகாரியிடம் பேசினேன். உன் மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கேயே வரச் சொல்லிவிட்டார். இதற்கு முன் அவரிடம் எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. கூச்சப்படாமல் போ. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போ.

நன்றாகப் படி, நன்றாகச் சாப்பிடு. நீ ஜெயித்தால் நாங்கள் ஜெயித்த மாதிரி.

அன்புடன்,
அக்கா

*

கொள்முதல் பிரிவில் பயிற்சி முடித்து, அங்கேயே வேலையும் பெற்றுவிட்ட தம்பி அவர்களுக்கு,

தங்களிடம் கையுறை விற்கும் பட்டறைக்காரி எழுதுவது. போனில் பேசினால் நீ சமாதானம் சொல்வாய், நானும் சரி சரி என்று கேட்டுக்கொள்வேன். அதனால்தான் நீ அழைத்த எட்டு முறையும் எடுக்கவில்லை.

புது ஒப்பந்தம் பேச உன் அதிகாரி போன செவ்வாய்க்கிழமை வீடியோவில் வந்தார். எடுத்த எடுப்பிலேயே ஒன்பதரை என்றார். பத்தும் இல்லை, ஒன்பதும் இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, பார். மனுஷன் எப்படியோ சரியாக ஊகித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பதினொன்றுக்குக் குறைந்தால் கட்டாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானும் முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னேன். என் நடிப்புக்கே நான் கை தட்டியிருப்பேன்.

அவர் கோபப்படவில்லை. எதிரே இருந்த காகிதத்தைப் புரட்டினார். உங்கள் மொழியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவது என்றால் என்ன அர்த்தம் என்று என்னிடமே கேட்டார். நீ உன் அறிக்கையில் அதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்திருந்தாயாம், வகுப்பில் எல்லோரும் சிரித்தார்களாம். நான் விளக்கினேன், தம்பி. வலிக்கும், ஆனாலும் விடமாட்டோம் என்று அர்த்தம் என்று நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வார்த்தை குறித்துக்கொண்டார்.

பிறகு உன்னைப் புகழ்ந்தார். இப்படி ஓர் அறிக்கையை எந்த மாணவனும் தந்ததில்லை, பயிற்சிக்கு வந்த முதல் வாரமே கொண்டுவந்து மேசையில் வைத்தான், வேலை போட்டுக் கொடுத்துவிட்டோம், நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

நீ அனுப்பிய இரண்டு வரியும் கிடைத்தது. "அக்கா, பட்டறை பேரை நான் போடலை. இது பிசினஸ், தப்பா எடுத்துக்காதே." பெயர் போடவில்லைதான். இருபத்திரண்டு பேர், கையை விட்டுப் பார்க்கிற ஒரு கிழவி என்று மட்டும்தான் போட்டிருக்கிறாய். கிழவி என்று நான் எழுதவில்லை, அது உன் சொந்தச் சரக்கு.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட மாட்டேன் என்று நீயே நினைத்திருக்க மாட்டாய். வேறு கம்பெனி இல்லை என்பதும் அறிக்கையில் இருக்கிறதே. நான்காவது நிபந்தனை, பத்து ஜோடிக்கு ஒன்றைப் பார்த்தால் போதும், அதற்குத் தனி ஆள் கூலி தர முடியாது என்கிறது. அதனால் சித்தியை நிறுத்திவிட்டேன். அம்மா போன பிறகு நம் இரண்டு பேரையும் கட்டிக்காத்து வளர்த்தவளிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதற்கும் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கும். எனக்கு இல்லை. மேசையை ஜன்னல் பக்கமிருந்து எடுத்துவிட்டு, இடம் போதவில்லை என்று உளறினேன்.

அவளுக்கு எதுவும் தெரியாது. கம்பெனி சொல்லிவிட்டது என்று மட்டும் தெரியும். மேசை இருந்த இடத்தைப் பெருக்கினாள். பிறகு முகம் தெளிந்துபோய், "நம்ம பிள்ளைதான் அங்கேயே இருக்கானே! அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். அவன் சொன்னா அந்தாளு கேப்பாரு" என்றாள். தினமும் காலையில் பதில் வந்ததா என்று கேட்கிறாள். இன்னும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டிருக்கிறாள், கூப்பிட்டால் உடனே வர வேண்டுமே. பிள்ளைக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உனக்காக நான் சொன்ன பொய்களில் இது எத்தனையாவது என்று தெரியவில்லை. இதுதான் கடைசி.

அவளிடம் உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லியிருந்தால் எனக்கு வெறி அடங்கியிருக்கும். ஆனால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், பிள்ளை நல்ல மார்க் வாங்கினானா என்பாள். அதைக் காதால் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

இதோடு ஒரு ஜோடி கையுறை வைத்திருக்கிறேன். புது ஒப்பந்தத்தில் தைத்த முதல் பெட்டியிலிருந்து எடுத்தது. பத்தில் பார்க்கப்பட்ட அந்த ஒன்று இல்லை, மீதி ஒன்பதில் ஒன்று. இடது கை நடுவிரலுக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. தெரிந்துதான் அனுப்புகிறேன். அங்கே குளிராமே, வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்.

சித்தி உனக்குச் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், அதை நான் வைத்துக்கொள்ள முடியாது. நீ இன்னும் பெரிய பதவிக்கு வர வேண்டுமாம். உன் கையால் நாலு பேர் பிழைக்க வேண்டுமாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த வருஷமும் ஒப்பந்தம் வரும், பேரம் பேச மேசைக்கு அந்தப் பக்கம் நீதான் உட்கார்ந்திருப்பாய். அப்போது என்னிடம் கடைசி விலை என்ன என்று மட்டும் கேட்காதே, தம்பி. நீ கேட்டால் நான் இப்போதும் உண்மையைத்தான் சொல்லுவேன்.

அக்கா