குட்டி பேஸின் கழுத்தில் மை

12.7.1998, ஞாயிறு

அப்பா தூங்கிய பிறகுதான் எழுதுகிறேன். பயம் இன்னும் போகவில்லை.

அண்ணனின் பேஸ் கிட்டாரை வாங்க இன்று தம்பானூரிலிருந்து ஒருவர் வந்தார். பேஸ் கிட்டாரை முதலில் நீளமாகத்தான் செய்தார்களாம். விரல் எட்டாதவர்களுக்காகப் பிறகு கழுத்தைக் குறுக்கினார்களாம். அண்ணனுடையது அப்படிக் குட்டையானது. அதனால்தான் அப்பாவுக்குத் தெரியாமல் ஒளிந்து வாசிக்கும் எனக்கும் எட்டுகிறது. சபை ஆராதனையில் பெண்பிள்ளைகள் பாடினால் போதும் என்பார் அப்பா.

வந்தவர் கிட்டாரின் கழுத்தைத் தடவினார். “இதென்ன, கம்பிக்கடியில நீல மை? பிள்ளைங்க ஆராவது வாசிக்குமோ?”

என் மைப்பேனா ஒழுகும். கையைப் பாவாடையில் மறைத்தேன்.

“நான்தான் அண்ணாச்சி. கடையில பில்லு எழுதுன கை” என்றான் அண்ணன்.

“ஆரியசாலைக் கடையில உனக்குப் பால்பாயிண்ட் பேனா அல்லவாடே?” என்றார் அப்பா.

அண்ணன் வேட்டி நுனியால் மையைத் துடைத்தான். அப்பா என்னையே பார்த்தார். மையைப் பற்றிக் காலையில் கேட்பார்.

கிட்டார் போய்விட்டது. அந்தப் பணத்தில் அண்ணன் வாங்கும் நீளமானது புதன்கிழமை வருகிறது. படுக்கும் முன் அண்ணன் என் கையை விரித்து, மை படிந்த விரல்களைப் பார்த்தான்.

“புதுசு உனக்கு எட்டாது மக்கா” என்றான்.