எல்லைக்கு அப்பால் உப்பு

அன்பு மகளே,

இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயரில் நில அளவையாளனாக இருந்தபோது, இரு நகராட்சிகளின் எல்லைக்கோட்டை நம் மலைச்சாலையின் பாதியில் வரைந்தவன் நான். அது தவறென்று அப்போதே தோன்றியது, சொல்லத் துணியவில்லை. பனிக்காலத்தில் சாலையில் உறைந்த பனி உருக உப்புத் தூவும் நகராட்சி வண்டிகள் இன்றும் அங்கேயே திரும்புகின்றன.

செவ்வாய்க்கிழமை, மலைமேல் மயங்கி விழுந்த ஹோல்ராய்டு அம்மாளை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் எல்லைக்கு அப்பால் வழுக்கி நின்றதும், நீ உன் உப்பு வண்டியோடு எல்லை தாண்டி அடிவாரம் வரை உப்புத் தூவினாய். அவர் பிழைத்தார்.

"எல்லை வந்தா நிறுத்தணும்னு தெரியாதாம்மா?" என்றாராம் உன் மேலாளர்.

"அந்தப் பக்கம் விழுந்தா எலும்பு உடையாதா சார்?" என்றாயாமே! நானென்றால் மன்னிப்புக் கடிதம் எழுதியிருப்பேன், இரண்டு பிரதிகள்.

திங்களன்று விசாரணை. உன் வேலை போகலாம் என்கிறார்கள். பழைய வரைபடத்தோடு நானும் வருகிறேன். தவறு என் கோட்டில்தான் என்று சொல்வேன். என் குரல் நடுங்கும். நீ குறுக்கே பேசி என்னைக் காப்பாற்றிவிடாதே.

உன்னை வியக்கும்
அப்பா