ஆற்றுக்கு அப்பால் பிறந்தோர் பட்டியல்

மழை பொய்யாது பெய்க. தண்பொழில் நாடு தழைக்க. வெண்குடை நிழலில் குடிகளைப் புரக்கும் வேந்தர் பெருமுடிக்கோவின் பொன்னடிகளுக்கு, கருவியாற்றங்கரைக் கோட்டையின் காவல் நாயகம் சேந்தன் கொற்றன் மும்முறை நிலம் தோய வணங்கி, வரைந்து விடுக்கும் ஓலை.

அயல்நாட்டு மண்ணில் பிறந்த எவரும் இந்நாட்டு அரசுப்பணியில் இருத்தலாகாது. அத்தகையோர் பெயர்களைப் பதவியின் முறையே மேலிருந்து கீழாக எழுதி முழுநிலவுக்குள் விடுக்க வேண்டும். ஒரு பெயர் விடுபட்டாலும் எழுதியவன் தலை விழும். வேந்தரின் இக்கட்டளை வந்த அன்று கொற்றன் மகிழவே செய்தான். ஒற்றர் இருவர் அகப்படுவர், தனக்கொரு பட்டுப் பரிவட்டம் கிடைக்கும் என்று மனக்கோட்டை கட்டினான். ஆசை யாரை விட்டது!

வீரர் நாற்பதின்மரை நிறுத்திப் பிறந்த ஊர் கேட்டான். இருபத்தறுவர் ஆற்றுக்கு அப்பாலுள்ள குன்றக நாட்டைச் சொன்னார்கள். இக்கரையார் அக்கரையில் பெண்ணெடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். தலைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு போவதும் வழக்கம். ஆகவே வீட்டுக்கு வீடு தலைமகன் அக்கரையில் பிறந்தவனே. கொற்றனும் தலைமகன்தான். பட்டியலின் உச்சியில் தன் பெயரையே எழுதினான்.

அதைக் கண்ட அவன் மனையாள் வேண்மாள், அவனுக்கு மேல் பதவியில் எவரும் இல்லையோ என்று வினவினாள். முன்னிருந்த வேந்தரின் தேவியான மூத்த அரசியார் தலைப்பேற்றுக்குக் குன்றக அரண்மனைக்குப் பல்லக்கில் சென்றதையும், ஆண்மகவோடு திரும்பிய நாளில் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவர் கொற்றனின் தந்தையே என்பதையும் மெல்ல நினைவூட்டினாள்.

அன்று தொட்டு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பெயரை எழுதினால் அரச துரோகம். எழுதாவிட்டால் கட்டளைப்படி தலை போகும். முன்னே போனால் முட்டுகிறது, பின்னே போனால் உதைக்கிறது. அவன் அஞ்சுகிறான், அதை மறைக்கவும் அஞ்சுகிறான்.

ஆதலால் முதல் வரியை வெறுமையாக விட்டு, இரண்டாம் வரியில் தன் பெயரும் அதன்கீழ் இருபத்தறுவர் பெயரும் வரைந்து இணைத்துள்ளான். வெற்று வரியை நிரப்புவதும் பட்டியலைத் தீயிலிடுவதும் வேந்தர் திருவுளம்.

அக்கரையில் பிறந்தவன் அரச இலச்சினையைத் தொடலாகாது என்பதால், இவ்வோலை முத்திரையின்றி வருகிறது. கட்டளையோலையில் இருந்த முத்திரையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லத் துணியவில்லை. முத்திரையிட உரியவர் யாவர் என்பதை வேந்தரே ஆணையிட்டருள்க.

இவை சேந்தன் கொற்றன் எழுத்து.