உப்பு இல்லை என்ற வரி

அன்பு மாப்பிள்ளை வேலு,

நீ போய் ஏழு மாதம். பங்குனி வெயில் ஏறிவிட்டது. உப்பு வார ஆரம்பித்துவிட்டார்கள். பாத்தியில் உன் இடத்தில் அமுதா நிற்கிறாள். பத்து மணிக்கெல்லாம் எதிரே வெள்ளை, பின்னால் வெள்ளை. "கண்ண மூடினாலும் அதேதாண்ணே தெரியுது" என்கிறாள். காலெல்லாம் வெடிப்பு. ஒரு நாள் ஓய்வெடு என்றேன். "எடுத்துட்டு எங்க போறது?" என்று கேட்டாள். முப்பது வருஷமாக ஊராரைக் கேள்வி கேட்டுச் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது தங்கை என்னைக் கேள்வி கேட்கிறாள்.

அவள் அங்கே நிற்பதற்கு நான் ஒரு காரணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் பென்சில் நோட்டு நினைவிருக்கிறதா? கொரியாவில் நாலு வருஷம் ஊறுகாய்க் கம்பெனியில் இருந்துவிட்டு வந்து, அமுதாவுக்காகக் கொரிய மொழிப் பாடம் எழுத ஆரம்பித்தாய். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியாக்காரர்களின் தொழிற்சாலைகள் வருகின்றன, மொழி தெரிந்தால் ஸ்டோரில் வேலை கிடைக்கும், இந்தச் சேற்றை விட்டு அவள் வெளியே வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். தமிழைத் திருத்தும் பொறுப்பு எனக்கு.

வினையையும் பண்பையும் பெயராக்குகிற பாடம்தான் நீ கடைசியாக எழுதியது. நாம் ‘போ’வைப் போதல் ஆக்குகிறோம், ‘இனிய’ என்பதை இனிமை ஆக்குகிறோம். அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே வால்கள்தான், ‘கி’ அல்லது ‘உம்’. ‘கா’ என்றால் போ, ‘காகி’ போதல். ‘ஸுல்ப்பு’ என்றால் துயரமாயிரு, ‘ஸுல்ப்பும்’ துயரம். எதற்கு எந்த வால் என்று கேட்டேன். நீ பாத்தியைக் காட்டினாய்.

"‘கி’ன்னா இன்னும் தண்ணியா ஓடிக்கிட்டு இருக்குது மச்சான். படிக்கிறது, எழுதுறது, ஆசப்படுறது. ‘உம்’னா உப்பா உக்காந்துடுச்சு. போர்டுல, ரெஜிஸ்டர்ல எல்லாம் அதான்."

அதற்கு முதல் உதாரணமாக ‘சோகும் ஒப்ஸும்’ என்று எழுதினாய். முதல் சொல் உப்பு, அடுத்தது இல்லாமை; சேர்த்தால் உப்பு இல்லை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நம் வீடுகளில் உப்புத் தீர்ந்தால் நிறைந்துவிட்டது என்றுதான் சொல்வோம். உப்பிலேயே பிழைக்கிறவர்கள் அப்படி எழுதலாமா?

"ஏம்பா, அதுக்குத்தானே எழுதுறேன்" என்று சிரித்தாய். "அங்க மேனேஜர் உப்பு இருக்குதான்னு கேட்டான். டிரம்மு காலி. இல்லன்னு வாயில வரல. நெறஞ்சிருக்குதுன்னு சொல்லிட்டேன். ரெண்டு பீப்பா கோசு அழுகிப்போச்சு. அவ கையாவது பழகட்டும்."

ஆவணியில் ஒரு காலை வரப்பில் உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அவள் படிப்பதற்காக உன் பென்சில் நோட்டைப் பேனாவால் புது நோட்டில் பிரதி எடுத்தேன். அடுத்த அறையில் அமுதா படுத்திருந்தாள். அந்த வீட்டில் உட்கார்ந்து, அவளுக்காக, உப்பு இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு, பேனா இல்லை என்று மாற்றி எழுதினேன். பாடம் கெடவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தையில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் ஸ்டோருக்கு ஆள் எடுத்தார்கள். ஐந்து டப்பாக்களைத் திறந்து காட்டி, எது இருக்கிறது, எது இல்லை என்று கொரிய மொழியில் சீட்டு எழுதச் சொன்னார்களாம். நாலு சரி. ஐந்தாவது உப்பு டப்பா. காலி. "வார்த்த தெரியுதுண்ணே. கை ஓடல. இருக்குதுன்னு எழுதிட்டேன்" என்றாள். இல்லாததை இருப்பதாக எழுதுகிறவளிடம் ஸ்டோரை எப்படி ஒப்படைப்பார்கள்? அனுப்பிவிட்டார்கள். மறுநாள் உப்பளத்தில், "கொரியாக்காரி வர்றா, வழி வுடுங்கடி!" என்று ஒரே கேலியாம். அவளும் சேர்ந்து சிரித்தாளாம்.

இப்போது அங்கே மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள், அழைப்பு வந்திருக்கிறது. வியாழக்கிழமை போக வேண்டும். "நான் போகலண்ணே. அதே டப்பாதான் அங்க நிக்கும்" என்று மறுத்துவிட்டாள். நேற்று அளத்துக்கே போனேன். உன் டிரம் கதையைச் சொன்னேன். நான் விட்ட வரியையும் சொன்னேன். அவள் வாரிக்கொண்டிருந்த பலகை நின்றது.

"ஊர் நியூஸெல்லாம் புட்டுப்புட்டு வெக்கிற. அவரு எனக்குன்னு வுட்டுட்டுப் போன சேதிய மட்டும் எடுத்துட்டியே?"

பலகையை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன்.

உப்புக் குவியலுக்குப் பக்கத்தில், ஈர வரப்பில் குந்தினாள். விரலால் அந்த வரியை எழுதினாள். முதல் சொல் உடனே வந்தது. இரண்டாவதற்கு விரல் நின்றது. வெகு நேரம் நின்றது. எழுதி முடித்துவிட்டு, குவியலைத் திரும்பிப் பார்த்தாள். அது அப்படியேதான் இருந்தது.

"போறேன்" என்றாள். "கெடைக்குமான்னு மட்டும் கேக்காத."

அவளிடம் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன், கிடைக்குமா?

எனக்கும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. எத்தனையோ பேருடைய சாவை எழுதிய கை இது. உன் விஷயத்தில் மட்டும் ‘போய்’ என்றே எழுதுகிறது; இந்தக் கடிதத்தின் முதல் வரியைப் பார். அவள் எழுதிவிட்டாள். நான் எழுத வேண்டாமா?

வேலு இல்லை.

வியாழனுக்கு முன் அவள் நோட்டில் உன் வரியை, நீ வைத்த இடத்திலேயே, நீ எழுதியபடியே எழுதிவைக்கிறேன். பிறகு அவளை பஸ் ஏற்றிவிடுகிறேன். இனி உன் எழுத்தில் கை வைக்க மாட்டேன்.

உன் மச்சான்,
அமுதாவின் அண்ணன்