சுவரில் சிரிக்கிற மலையாண்டி

விளாங்குடி, மதுரை
14-11-1979

மதிப்பிற்குரிய அனந்தராமன் சார் அவர்களுக்கு வணக்கம்.

மலையாண்டி உங்கள் பூச்சிமருந்தைத் தன் வயலில் அடித்ததே இல்லை. அது உங்களுக்குத் தெரியும்.

வாடிப்பட்டிப் பக்கம் அவருடைய வீட்டுச் சுவர் ரோட்டைப் பார்த்து இருந்தது. கம்பெனிக்கு அது போதும். அதில் அவர் படத்தை வரைய நான் நிற்கச் சொன்னபோது, "நம்ம மூஞ்சிய எவன்டா தம்பி பாப்பான்" என்று வெட்கப்பட்டு, புதுத் துண்டு எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. 'என் நெல்லைக் காத்த மருந்து' என்று பக்கத்தில் எழுதச் சொன்னீர்கள். அவர் அடித்ததில்லையே என்றேன். விளம்பரத்தில் அதெல்லாம் சகஜம் என்றீர்கள். எழுதினேன்.

இந்தப் போகத்தில் நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது. பக்கத்து வயல் மொக்கையன், மலையாண்டியே சொல்கிறாரே என்று நம்பி உங்கள் மருந்தை வாங்கி அடித்தார். மருந்துக்குப் பூச்சி சாகவில்லை, பயிர் வைக்கோலாகக் காய்ந்தது. மிச்ச மருந்தை அவர் குடித்துவிட்டார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், சமயநல்லூர் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. இதை முன்பே எழுதினேன்.

மொக்கையன் மனைவி சின்னத்தாய் தினமும் காலையில் சாணியைக் கரைத்து வந்து அந்தப் படத்தின் முகத்தில் ஊற்றுகிறாள். டீக்கடையில் மலையாண்டி உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. "நான் அடிக்கவே இல்லப்பா" என்று அவர் சொன்னால், "அப்ப எம்புட்டு வாங்கிட்டு இப்பிடிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறே?" என்று கேட்கிறார்கள்.

என் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போட்டீர்கள். மொக்கையனைப் பற்றி ஒரு வரி இல்லை. படம் அழுக்காக இருப்பதை மேனேஜர் காரில் போகும்போது பார்த்தாராம். கழுவிப் புதிதாகத் தீட்ட வேண்டுமாம், சிரிப்பு இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருக்க வேண்டுமாம். மாட்டேன் என்றால் திண்டுக்கல் ரோட்டுச் சுவர்கள் எல்லாம் வேறு ஆர்ட்டிஸ்டுக்குப் போகுமாம். போகட்டும் சார். நான் உங்கள் கம்பெனிச் சம்பளக்காரன் இல்லை. வேலைக்கு வேலை பேசி எழுதுகிறவன். இந்த வேலையை எடுக்க மாட்டேன்.

நேற்று சுண்ணாம்பு வாளியோடு அழிக்கப் போனேன். மலையாண்டி பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டார். "நீ அழிச்சா, நான் குத்தத்த மறைச்சேன்னு ஆயிரும். எழுதச் சொன்னவுக வந்து, ஊருக்கு முன்னால உண்மையச் சொல்லிட்டு அழிக்கட்டும்" என்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் இருக்கிற இருப்பைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கட்டும். இங்கே நீங்கள் வர வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. சுவருக்கு முன்னால் நின்று, இவர் மருந்து அடிக்கவில்லை, நாங்களாக எழுதிக்கொண்டோம் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சின்னத்தாய்க்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

என்றைக்கு வருகிறீர்கள்?

இப்படிக்கு,
தவசி