நல்ல இடமாகப் பார்த்து எடுத்த படங்கள்

அன்புத் தம்பி சேகருக்கு,

நீ செத்த பிறகு உன்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள். சேதராப்பட்டு மருந்துக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நீ எடுத்த படங்களில் அழகானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒதுக்கிவிட்டார்கள். சேகரே சரி சொன்ன சரக்கு என்று மருந்தை அனுப்பப்போகிறார்கள்.

உன்னோடு வேலை பார்த்த விமலா, உன் கருமாதியில் பந்திக்கு உட்காராமல் நின்றாள். கேட்டதும் சொன்னாள்.

"நல்ல எடமா பாத்து எடுன்னு மேலாளரு எப்பவும் சொல்றதுதான், பெரியண்ணே. சேகரண்ணன் மட்டும் கேக்க மாட்டாரு. வலையில எந்தக் கட்டத்தப் படமெடுக்கறதுன்னு உள்ள பாக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுவாரு. அசிங்கமா இருந்தாலும் அதத்தான் எடுப்பாரு. 'கூடையில மேல் மீன மட்டும் காட்டுறவன்கிட்ட நீங்க வாங்குவீங்களா சார்'னு அவரையே கேட்டாரு."

கேட்டிருப்பாய்.

எட்டாவது தாண்டாத நான் உன் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நோய் தராத வைரஸின் ஓட்டுக்குள் நல்ல மரபணுவை வைத்து உடம்புக்குள் அனுப்புகிறார்கள். கட்டம் கட்டமான பொட்டளவு செப்பு வலையில் ஒரு சொட்டு விட்டு, சாயமிட்டுப் பார்த்தால், நிறைந்த ஓடு வெள்ளையாகத் தெரியும். காலி ஓடு நடுவில் கறுத்திருக்கும். உன் படங்களில் கறுத்தவைதான் அதிகமாம். சில இடங்களில் கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தனவாம்.

இந்த ஊசியை ஒருவருக்கு ஒருமுறைதான் போட முடியும். காலி ஓடு உள்ளே போனாலும் உடம்பு அடையாளம் வைத்துக்கொள்ளும். பிறகு நல்ல மருந்தே வந்தாலும் விரட்டிவிடும். முதல் ஊசி, கால் தளர்ந்துகொண்டே வரும் ஒரு பெண்குழந்தைக்கு. வரும் திங்கட்கிழமை. மகள் நடப்பாள் என்று லாஸ்பேட்டையில் அவள் அம்மா புதுச் செருப்பு வாங்கி வைத்திருக்கிறாளாம்.

மருந்துக்கூடத்துக்குப் போனேன். மேலாளர் காபி வரவழைத்தார்.

"பெரியவரே, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. தம்பி பேரு நெலைக்கும், சந்தோஷப்படுங்க."

"அவன் பேர எடுத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றேன். காபியைத் தொடவில்லை. வெளியே வந்தால், மருந்தை ஏற்றிப்போகக் குளிர்பெட்டி வண்டி வந்து நின்றிருந்தது.

நீயாக இருந்தால் யாரிடம் போயிருப்பாய்?

விமலா தான் பார்த்ததை ஆஸ்பத்திரி டாக்டரிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்கிறேன் என்றாள். டாக்டர் ஊசியை நிறுத்த வேண்டும். மேலாளர் அதே சரக்கை, கட்டத்தை முன்கூட்டியே குறித்து, வெளியாள் முன்னிலையில் மறுபடி படமெடுக்க வேண்டும். உன் பெயரை நீக்க வேண்டும். அந்தத் தாயிடம் நான் போக வேண்டும், திங்கட்கிழமைக்கு முன். வாசலில் அந்தச் செருப்பு கிடந்தாலும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

விடமாட்டேன்டா.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன்,
கோவிந்தசாமி